ராட்டர்டாம்: கப்பல்கள் விட்டுப்போன இடத்தில் எழுந்த ஊர்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1990 வாக்கில் சரக்குக் கப்பலில் என்ஜின் பிரிவில் வேலை பார்த்தபோது, ஷோர் லீவில் இறங்கி ராட்டர்டாமைச் சுற்றியிருக்கிறீர்கள். இப்போது நெதர்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறீர்கள். "அந்த ஊர் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது, கட்டடம் பார்ப்பதற்கென்றே உலகம் முழுக்க இருந்து வருகிறார்கள் என்கிறார்கள். நான் பார்த்தது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? புதிதாகக் கட்டியதில் எதைப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிச்சம் இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. புதிதாகக் கட்டியதில் எது தேறும் என்று கேட்டால், பழையதை இடிக்காமல் அதோடு சேர்த்துக் கட்டியவைதான் தேறுகின்றன என்பேன். நான் கட்டடக்கலை படித்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாணவனாக அந்த ஊரை முதலில் பார்த்தேன், அப்புறம் வேலை காரணமாக அடிக்கடி போய் வருகிறேன். ராட்டர்டாம் இடிப்பதற்குக் கொஞ்சமும் தயங்காத ஊர். நீங்கள் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், எதை விட்டுவைப்பது என்று அது கற்றுக்கொண்டது. எல்லா இடத்திலும் கற்றுக்கொண்டதா என்றால் இல்லை, அதையும் சொல்கிறேன்.

இடிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் கால் மணி நேரம் போல குண்டு வீசின. குண்டைவிட, பின்னால் பரவிய தீதான் ஊரைத் தின்றது. 800 பேருக்கு மேல் இறந்தார்கள், ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்தார்கள், நகரின் நடுப்பகுதியே இல்லாமல் போயிற்று. போரில் அழிந்த ஐரோப்பிய ஊர்கள் பல, பழைய முகப்பையே திரும்பக் கட்டிக்கொண்டன. ராட்டர்டாம் அப்படிச் செய்யவில்லை. அரைகுறையாக நின்ற சுவர்களையும் இடித்துத் தள்ளி, அந்த இடிபாட்டைக் கொட்டியே நகருக்குள் இருந்த நீர்வழிகள் சிலவற்றைத் தூர்த்தார்கள். லாரன்ஸ் தேவாலயம், நகர மன்றக் கட்டடம், தலைமைத் தபால் நிலையம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான் தப்பின. 1946-ல் கொர்னேலிஸ் வான் த்ரா போட்ட அடிப்படைத் திட்டம், பழைய சந்துபொந்துகளை மறந்துவிட்டு அகலமான சாலைகளோடு வேறொரு ஊரையே வரைந்தது.

அந்தத் திட்டத்தில் வந்த லைன்பான் கடைத்தெருவில் நீங்கள் கட்டாயம் நடந்திருப்பீர்கள். 1953-ல் திறந்தது, கார் நுழையாத கடைத்தெரு என்ற எண்ணத்தை ஐரோப்பாவில் முதலில் செய்துகாட்டிய இடங்களில் ஒன்று. இரண்டு மாடி உயரக் கடைகள், மேலே நடப்பவர்களுக்கு நிழல்தரும் பந்தல், பின்புறம் புல்வெளியைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள். இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். கடைகளின் பெயர்கள் மாறியிருக்கும், தெருவின் அளவு மாறவில்லை. எந்த வாசலில் நின்றாலும் எதிர்க் கடையின் ஜன்னலில் இருப்பது தெரிகிற அகலம் அது. பெரிய சாலைகளாகவே வரைந்த ஒரு திட்டத்துக்குள் அந்த அளவைப் பிடித்தார்களே என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

தீ எதுவரை பரவியதோ அந்த எல்லை நெடுக, நடைபாதையில் சிறு சிவப்பு விளக்குகளைப் பதித்திருக்கிறார்கள். நீங்கள் வந்தபோது அது கிடையாது. இருட்டிய பிறகு நடந்தால், விளக்கின் ஒரு பக்கம் நூற்றாண்டு பழைய செங்கல் வீடுகளும் மறுபக்கம் போருக்குப் பிந்தைய கான்கிரீட்டுமாக ஊர் இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும்.

சரி, 1990-க்கு வருவோம். நீங்கள் பார்த்த ஊரில் செங்குத்தாக நின்றவை யூரோமாஸ்ட் கோபுரமும், அப்போது கட்டி முடியும் நிலையில் இருந்த டெல்ஃப்ட்ஸ போர்ட் இரட்டைக் கோபுரமும்தான். 151 மீட்டர், அன்றைக்கு அதுவே பெரிய உயரம். பீட் ப்ளோம் வடிவமைத்து 1984-ல் முடிந்த மஞ்சள் கனசதுர வீடுகள் இருந்தன. பக்கத்தில், மஞ்சள் குழாய்களை வெளியே காட்டிக்கொண்டு மத்திய நூலகம். இரண்டும் அப்படியே இருக்கின்றன. கனசதுரங்களில் ஒன்றை இன்றும் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் சுவரெல்லாம் சாய்ந்திருக்கும், அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. மேல்தட்டில் முக்கோண ஜன்னலுக்குக் கீழே குனிந்துதான் உட்கார வேண்டும். கப்பல் கேபினில் இருந்து பழகிய உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது.

ஆனால் அந்த வீடுகளுக்கு அருகில் அன்று ஒரு ரயில் மேம்பாலம் நகருக்கு நடுவில் ஓடியதே, அது இல்லை. 1993-ல், ஊரை வடகரை தென்கரை என்று பிரிக்கும் நியூவ மாஸ் ஆற்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் திறந்ததும் மேம்பாலத்தை எடுத்துவிட்டார்கள். அது நின்ற இடம்தான் இப்போது பின்னன்ரொட்ட என்ற நீளமான திடல். செவ்வாயும் சனியும் அங்கே பெரிய சந்தை கூடுகிறது. அதே ரயில் பாதையில் தண்டவாளத்தோடு மேலே எழும்பி வழிவிட்ட டி ஹெஃப் என்ற தூக்குப் பாலம் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 1927-ல் கட்டியது. சுரங்கம் வந்ததும் அதையும் இடித்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஊர்க்காரர்கள் விடவில்லை. ரயில் போகாத பாலமாக, நடுப்பகுதியை மேலே தூக்கி நிறுத்திய நிலையில் அது இன்றும் நிற்கிறது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸுக்காகக் கட்டிய பெரிய பாய்மர உல்லாசக் கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோக, இந்தப் பாலத்தின் நடுப்பகுதியைக் கழற்றலாமா என்று 2022-ல் ஒரு யோசனை வந்தது. ஊரில் கிளம்பிய எதிர்ப்பில் அதைக் கைவிட்டார்கள். பாய்மரம் பொருத்தாமலே கப்பலை வேறு வழியாக இழுத்துப் போனார்கள். எண்பது ஆண்டுக்கு முன் நின்ற சுவரையெல்லாம் இடித்துத் தள்ளிய ஊர், ஓடாத ஒரு பாலத்துக்காக மல்லுக்கு நின்றது!

ஊர் மாறியதன் உண்மையான காரணம் உங்கள் தொழிலில்தான் இருக்கிறது. கப்பல் பெருத்தது. கன்டெய்னர் வந்தது. ஆற்றின் மேல்பக்கம், நகரை ஒட்டி இருந்த டாக்குகளின் ஆழமும் போதவில்லை, கரையில் இடமும் போதவில்லை. துறைமுகம் மேற்கே நகர்ந்துகொண்டே போனது. வால்ஹாவன், பாட்லெக், ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கிய யூரோபோர்ட், அப்புறம் கடலைத் தூர்த்து உண்டாக்கிய மாஸ்விளாக்டே, 2013-ல் அதற்கும் அப்பால் இரண்டாம் மாஸ்விளாக்டே. நகரின் நடுவிலிருந்து துறைமுகத்தின் மேற்கு முனை 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1962-லிருந்து 2004 வரை உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாண்ட துறைமுகம். இன்றும் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் கையாளும், ஐரோப்பாவின் முதல் துறைமுகம். ஆனால் நகருக்குள் நின்று பார்த்தால் சரக்குக் கப்பலே கண்ணில் படாது. ஆற்றில் போவதெல்லாம் உள்நாட்டுப் படகுகளும், மஞ்சளும் கறுப்பும் அடித்த நீர் டாக்சிகளும்தான்.

தென்கரையில் காலியாகிக் கிடந்த அந்த டாக்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட கரைக்காரர்கள் தென்கரைக்கு வரவே மாட்டார்கள், வேலையாட்கள் வசிக்கும் பக்கம் என்று ஒரு இளப்பம். எண்பதுகளில் நகரத் திட்டமிடல் துறைக்குத் தலைமை வகித்த ரீக் பாக்கர், கட்டடக்கலைஞர் தூன் கூல்ஹாஸ் போட்ட வரைவை வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு ஒரு திட்டத்தை முன்னெடுத்தார். கோப் வான் ஸோய்ட் என்று அதற்குப் பெயர். கோபுரங்களைக் கட்டுவதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்தார்கள் என்பதுதான் அதில் எனக்கு முக்கியம். ஒரு பாலம். ஒரு மெட்ரோ நிலையம். 1968-லிருந்து அந்த இடத்துக்குக் கீழே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த பாதையில், 1997-ல் வில்ஹெல்மினாப்ளைன் நிலையத்தை நுழைத்தார்கள். மூன்றாவதாக நீதிமன்றம், வரி அலுவலகம் போன்ற அரசு அலுவலகங்களைத் தென்கரைக்கே கொண்டுபோனார்கள். நீதிமன்றத்துக்கு யாராக இருந்தாலும் ஆற்றைக் கடந்து வந்துதானே ஆக வேண்டும்? வேறு பல துறைமுக ஊர்கள் கண்ணாடிக் கோபுரத்தை முதலில் கட்டிவிட்டு ஆள் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தன. ராட்டர்டாம் வழியைப் போட்டுவிட்டுத்தான் வீட்டைக் கட்டியது.

அந்தப் பாலம்தான் எராஸ்மஸ் பாலம். 1996-ல் திறந்தது, பென் வான் பெர்கல் வடிவமைத்தது. 139 மீட்டர் உயரத்தில் முழங்கால் மடங்கினாற்போல் ஒரே ஒரு வெளிர்நீலத் தூண், அதிலிருந்து விசிறியாக இறங்கும் கம்பிவடங்கள். ஊரின் படம் என்றால் இன்று எல்லோரும் காட்டுவது இதைத்தான். என்ஜின்காரரான நீங்கள் அண்ணாந்து பார்த்தால் மட்டும் போதாது, வடங்கள் பாலத்தளத்தில் வந்து இறங்கும் இடத்தில் நின்று குனிந்தும் பாருங்கள். திறந்து சில வாரங்களில், 1996 நவம்பரில், மழையும் காற்றும் சேர்ந்து அடித்த ஒரு நாளில் வடங்கள் ஆட ஆரம்பித்துவிட்டன. காற்று மட்டும் இருந்தால் ஆடாது, மழை மட்டும் பெய்தாலும் ஆடாது. இரண்டும் சேரும்போது, வடத்தின் உறைமேல் வழியும் நீர் ஒரு மெல்லிய கோடாகத் திரண்டு, வட்டமாக இருந்த வடத்தின் குறுக்குவெட்டை ஒரு நூல் அளவு மாற்றிவிடுகிறது. அந்த நூல் அளவு போதும், காற்று அதைப் பிடித்துத் தூக்கிப்போட. பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தி, பிறகு அதிர்வை விழுங்கும் தணிப்பான்களைப் பொருத்தினார்கள். வடத்தின் அடியில் கை கொடுத்துத் தாங்குவதுபோல் நிற்கும் அந்தச் சிறு உருளைகள்தான் அவை. பெரும்பாலோர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். தென்முனையில் 89 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு, டிராம் தண்டவாளத்தோடு சேர்ந்து மேலே திறக்கும். உயரமான கப்பல் வரும் நாளில் அதைப் பார்க்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள்.

பாலத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்பினால் வில்ஹெல்மினா பியர், ஆற்றுக்குள் நீண்டு நிற்கும் பழைய கப்பல்துறை. அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் கப்பலேறிய இடம். அந்தப் பயணிகளை ஏற்றிப்போன ஹாலந்து-அமெரிக்கா லைன் நிறுவனத்தின் பழைய தலைமை அலுவலகம் பியரின் நுனியில் பச்சைக் கோபுரங்களோடு நின்றதை, ஆளில்லாத நிலையில் நீங்கள் பார்த்திருக்கலாம். 1993-ல் அது ஹோட்டல் நியூயார்க் ஆனது. அந்தச் சமயத்தில் அங்கே வேறு எதுவுமே இல்லை. பாலம் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே, படகிலும் சுற்றுவழியிலும் ஆட்கள் அங்கே சாப்பிடப் போக ஆரம்பித்தார்கள். ஒரு பழைய கட்டடத்தை விட்டுவைத்ததால்தான் அந்தப் பியருக்கு உயிர் வந்தது என்று நான் நம்புகிறேன். கோபுரங்கள் அப்புறம்தான் வந்தன.

வந்தவை சாதாரணப் பெயர்கள் இல்லை. பாலத்தடியில் முன்பக்கம் சாய்ந்து ஒரு தூணை முட்டுக்கொடுத்து நிற்பது ரென்சோ பியானோ வடிவமைத்தது. பியர் நுனிக்கு அருகில் நார்மன் ஃபாஸ்டரின் உலகத் துறைமுக மையம். 2010-ல் முடிந்த நியூ ஆர்லியன்ஸ் குடியிருப்புக் கோபுரம் போர்ச்சுகலின் ஆல்வாரோ சீசாவுடையது. எல்லாவற்றையும்விடப் பெரிது டி ராட்டர்டாம், 2013. இந்த ஊரிலேயே பிறந்த ரெம் கூல்ஹாஸின் அலுவலகம் வடிவமைத்தது. ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் மூன்று கோபுரங்கள், இடுப்பளவில் வெட்டி மேல்பாதியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்ததுபோல. அலுவலகம், வீடு, ஹோட்டல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று.

இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எராஸ்மஸ் பாலத்தில் வடகரையிலிருந்து நடந்தே வாருங்கள். முதலில் மூன்று கோபுரமும் ஒரே சுவராகத் தெரியும். நூறு அடி நடந்தால் நடுவில் ஒரு வெளிச்சக்கீற்று பிறக்கும். இன்னும் நடந்தால் அது அகலும், வேறொன்று மூடும். நீங்கள் நடக்க நடக்கக் கட்டடம் அசைகிறது. அவ்வளவு பெரிய பொருளில் அந்த விளையாட்டைச் செய்திருப்பது எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் அடியில் போய் நின்றால் ஏமாற்றம்தான். கீழ்த்தளங்களில் கார் நிறுத்துமிடம், தெருவோடு பேசாத சுவர், கோபுரங்கள் கீழே இறக்கிவிடும் காற்று. குளிர்காலத்தில் பியரில் நடந்தால் தலையில் தொப்பி நிற்காது. தூரத்துக்குக் கட்டிய கட்டடம் அது, பக்கத்துக்கு இல்லை.

பியரிலிருந்து ஒரு நடைபாலம் 2012-லிருந்து ரைன்ஹாவன் என்ற பழைய டாக்கைக் கடந்து காட்டன்ட்ரெக்ட்டுக்குப் போகிறது. கப்பல்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சீனக் குடியிருப்பு, மதுக்கடை, சிவப்பு விளக்கு என்று மாலுமிகளின் பகுதியாக இருந்து, நீங்கள் பார்க்கும்போது சோர்ந்துபோயிருந்த இடம். இப்போது உணவகங்களும் தியேட்டரும் புது வீடுகளுமாக இருக்கிறது. கரையோரம் ஹாலந்து-அமெரிக்கா லைன் 1923-ல் கட்டிய மிகப்பெரிய கிடங்கு, பிற்காலத்தில் இரண்டாகப் பிரிந்து ஃபீனிக்ஸ் என்ற பெயரில் இருந்தது. ஒரு பாதியின் தலைக்கு மேல் அடுக்குமாடி வீடுகளை ஏற்றியிருக்கிறார்கள். மறுபாதி 2025 மே மாதத்தில் குடிப்பெயர்வு அருங்காட்சியகமாகத் திறந்தது.

கூரையைக் கிழித்துக்கொண்டு எழும் பளபளக்கும் எஃகுச் சுழல்தான் எல்லாப் படங்களிலும் வருவது. சீனக் கட்டடக்கலைஞர் மா யான்சோங்குடையது. உள்ளே இரண்டு மரப்படி வழிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறுகின்றன. ஒரு வழியில் ஏறுகிறவர் மறு வழியில் வருகிறவரை ஒரு திருப்பத்தில் பார்க்கிறார், அடுத்த திருப்பத்தில் தவறவிடுகிறார். குடிப்பெயர்வுக்கு அது பொருத்தமான படிக்கட்டுதான். ஆனால் நான் அதைவிட அதிக நேரம் நின்றது கீழே, கிடங்கின் உள்ளே. கான்கிரீட் தூண்களைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 2,000 பழைய பெட்டிகளைக் கொண்டு ஒரு புதிர்ப்பாதை அமைத்திருக்கிறார்கள். தோல் உரிந்த வார், துருப்பிடித்த பூட்டு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கப்பல் லேபிள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் நம்மில் இல்லாத வீடு எது? உங்களுக்கு அந்த இடம் இன்னும் ஒரு படி நெருக்கமாக இருக்கும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எஸ்.எஸ். ராட்டர்டாம் நிற்கிறது. இதே ஊரின் ஆர்.டி.எம். கப்பல்கட்டும் தளத்தில் உருவாகி 1959-ல் முதல் பயணம் போன நீராவி டர்பைன் பயணிக் கப்பல். 2008-ல் திரும்பி வந்து இப்போது ஹோட்டலாகவும் காட்சியகமாகவும் இருக்கிறது. என்ஜின் அறையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கட்டடம் பற்றிக் கேட்டவருக்குக் கப்பலைச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், ஐம்பதுகளின் உள்அலங்காரக் கலை இவ்வளவு முழுமையாக ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

இனி நகரின் நடுப்பகுதி. கனசதுர வீடுகளுக்கு எதிரே 2014-ல் திறந்த மார்க்ட்ஹால், குதிரைலாட வடிவில் 40 மீட்டர் உயர வளைவு. வளைவின் கனத்துக்குள் 228 வீடுகள், வளைவுக்குக் கீழே சந்தை, அதற்குக் கீழே கார் நிறுத்துமிடம். உட்கூரை முழுக்கப் பழமும் பூவும் மீனும் கொட்டுவதுபோல் 11,000 சதுர மீட்டர் ஓவியம். சில வீடுகளின் சமையலறை ஜன்னல், அந்த ஓவியத்துக்குள் ஒரு ஓட்டையாகச் சந்தையைப் பார்த்துத் திறந்திருப்பதைக் கவனியுங்கள். சந்தை என்ற பெயர் இப்போது அவ்வளவு பொருந்தாது, சாப்பாட்டுக் கடைகள்தான் அதிகம். காய்கறி வாங்குகிற கூட்டம் வெளியே, நான் சொன்ன அந்தத் திடலில்தான் இருக்கிறது. செவ்வாய் அல்லது சனிக்கிழமை போனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். உள்ளேயும் வெளியேயும் ஒரே நாளில் பார்த்தால்தான் அந்தக் கட்டடம் எவ்வளவு சாதித்தது, எங்கே நின்றுவிட்டது என்பது விளங்கும்.

மத்திய ரயில் நிலையமும் 2014-ல்தான். நீங்கள் வந்திறங்கிய 1957-ஆம் ஆண்டு நிலையம் போய்விட்டது. ஒரு பக்கம் கூர்மையாக நீண்ட எஃகுக் கூரை, உள்ளே மரப் பலகை, பிளாட்பாரங்களுக்கு மேல் சூரியமின் செல் பதித்த கண்ணாடிக் கூரை. முகப்பில் நிலையத்தின் பெயர் எழுதிய எழுத்துகளையும் கடிகாரத்தையும் பாருங்கள், அவை பழைய நிலையத்தினுடையவை. புது முகப்பில் பத்திரமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். முன்புறத் திடலில் கார் கிடையாது, சாலையைச் சுரங்கத்தில் விட்டுவிட்டார்கள். ஐம்பதுகளில் காருக்காகவே அகலமாக வரைந்த ஊர், இப்போது கூல்சிங்கல் போன்ற பெரிய சாலைகளிலும் கார் பாதையைக் குறைத்து மரம் வைக்கிறது.

அருங்காட்சியகப் பூங்காவில் கண்ணாடிக் கிண்ணம் போல நிற்பது டிப்போ, 2021. போய்மன்ஸ் வான் பியூனிங்கன் அருங்காட்சியகத்தின் ஒன்றரை லட்சம் பொருள்களையும் வைக்கும் கிடங்கு. நிலத்தடி அறைகளில் நீர் புகுந்து கலைப்பொருள்களுக்கு ஆபத்து வந்ததால்தான் இப்படி ஒன்று தேவைப்பட்டது. கிடங்கை மூடி வைக்காமல் மக்களுக்கே திறந்துவிட்டார்கள். ஓவியத்தைப் பழுதுபார்ப்பவர் பஞ்சுக்குச்சியால் அங்குலம் அங்குலமாகத் துடைப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். பூங்காவின் இடத்தை அதிகம் எடுக்கக் கூடாது என்று அடியில் ஒடுங்கி மேலே விரிகிறது. 1,664 கண்ணாடிப் பலகைகளிலும் ஊர் தெரியும், மொட்டைமாடியில் பிர்ச் மரங்கள். புதியவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைச் சொல்வேன். 2022-ல் முடிந்த 215 மீட்டர் சால்ம்ஹாவன் கோபுரம் நெதர்லாந்திலேயே உயரமான குடியிருப்புக் கட்டடம். அது எப்படியும் கண்ணில் படும், தேடிப் போக வேண்டாம்.

நீங்கள் அன்று தவறவிட்டிருக்கக்கூடிய பழைய நவீனம் இரண்டு. வான் நெல்லே தொழிற்சாலை, 1925-க்கும் 1931-க்கும் இடையில் கட்டியது. காப்பி, தேயிலை, புகையிலை பதப்படுத்திய இடம். தொழிலாளிக்கு வெளிச்சம் வேண்டும் என்று சுவர் முழுக்கக் கண்ணாடி, கட்டடங்களுக்கு இடையே சரக்கு போகச் சாய்வுப் பாலங்கள். 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போக வழிகாட்டியுடன் போகும் சுற்றில் சேர வேண்டும்.

இன்னொன்று மாஸ் சுரங்கம். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போதே 1942-ல் திறந்தது, ஆற்றடியில் மூழ்கவைத்த செவ்வகக் குழாய். காருக்குத் தனி வழி. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மேலும் கீழுமாக இரண்டு தனிக் குழாய்கள். இறங்குவதற்கு மரப் படிகளாலான எஸ்கலேட்டர்கள், இன்றும் ஓடுகின்றன. சைக்கிளை ஒரு படியில் முன்சக்கரமும் மேற்படியில் பின்சக்கரமுமாக நிறுத்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். மரம் தேய்ந்த அந்தப் பல்வரிசையின் சத்தமும், கீழே வெளிர்நிற ஓடு பதித்த நீண்ட குழாயும்... பக்கத்தில் நிற்கும் காற்றோட்டக் கட்டடத்தையும் பாருங்கள், உங்களுக்கு அது பழகிய இயந்திரம்தான். கட்டணம் கிடையாது.

கற்றுக்கொள்ளாத இடம் எது என்றும் சொல்கிறேன் என்றேன். தென்கரையில் இந்தக் கோபுரங்களுக்கு முதுகுப்பக்கம் ஆஃப்ரிகாண்டர்வைக் என்ற குடியிருப்பு இருக்கிறது. டாக் வேலைக்கும் கப்பல் வேலைக்கும் வந்தவர்கள் குடியேறிய பக்கம். துருக்கி, மொராக்கோ, சூரினாம், கேப் வெர்டே என்று பல நாட்டார். அங்கே ட்வேபோஸ்பியூர்ட் பகுதியில் 500-க்கும் மேற்பட்ட குறைந்த வாடகை வீடுகளை, குடியிருந்தவர்கள் எதிர்த்தும் இடித்தார்கள். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் 2021-ல் நெதர்லாந்து அரசுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள். அதற்கு முன் 2016-ல், மலிவு வீடுகளில் 20,000-ஐக் குறைக்கும் நகரத் திட்டத்தின் மீது பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் அதிகம் பேர் எதிர்த்தார்கள், ஆனால் 30 சதவீத வாக்குப்பதிவு எட்டாததால் அது செல்லாமல் போனது. கிடங்கின் தூணைக் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு, அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கியவர்களின் வீட்டைக் காப்பாற்ற மனம் வரவில்லை என்பது எனக்குக் கோபம் தருகிற விஷயம். பியரைப் பார்க்கும் நாளில் பத்து நிமிடம் தெற்கே நடந்து அந்தத் தெருக்களையும் பாருங்கள். புதனும் சனியும் அங்கே கூடும் சந்தை ஊரிலேயே கலகலப்பான ஒன்று. கேப் வெர்டே மாலுமிகளோடு வேலை பார்த்திருந்தால் அவர்கள் மொழி காதில் விழும்.

கடைசியாக, கட்டடத்தில் சேருமா என்று சிலர் கேட்கலாம், நான் சேர்ப்பேன். மத்திய நகரிலிருந்து மெட்ரோ பி வழியில் ஏறினால் ஹூக் வான் ஹாலந்து கடற்கரை வரையே போகலாம். பழைய ரயில் பாதையை 2019-ல் மெட்ரோவாக மாற்றிவிட்டார்கள். அந்த ஊருக்கு முன்னால் ஆற்றின் வாயில் நிற்கிறது மாஸ்லாண்ட் புயல்தடுப்பு, 1997-ல் முடிந்தது. 210 மீட்டர் நீளமும் 22 மீட்டர் உயரமும் உள்ள இரண்டு கதவுகள், கரையோரத் தொட்டிகளில் ஓய்வாகக் கிடக்கின்றன. கடல் பொங்கும்போது மிதந்து வந்து நடுவில் சேர்ந்து, தண்ணீரை உள்வாங்கி ஆற்றடியில் உட்காரும். ஒவ்வொரு கதவின் கைகளும் வந்து முடிவது 10 மீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுப் பந்து மூட்டில். அதன்மேல்தான் கதவு முழுவதும் எல்லாத் திசையிலும் அசைய வேண்டும். 2007 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் புயலுக்காக மூடியிருக்கிறது. பக்கத்திலுள்ள தகவல் மையத்தில் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் செப்டம்பரில், சோதனைக்காக இரண்டு கதவையும் மூடிப் பார்ப்பார்கள். பொதுமக்கள் கரையில் நின்று பார்க்கலாம். உங்கள் பயணத் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால், அந்த நாளை விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.